உடையவர் உடைமையாய் நின்ற நிலை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானாருக்குத் திருநாமங்கள் பல. தாய்மாமனான பெரிய திருமலை நம்பி இட்டது இளையாழ்வார் என்னும் திருநாமம். துறவறம் ஏற்ற நாளில் பேரருளாளன் அவரை யதிராஜர் என்று அழைத்தான். திருக்கோட்டியூர் நம்பி உகப்பின் மிகுதியால் எம்பெருமானார் என்று சாற்றினார். ப்ரஹ்மஸூத்ரங்களுக்கு உரை வகுத்தமையால் ஸ்ரீபாஷ்யகாரர் என்றும் உலகம் போற்றும். இவை எல்லாவற்றுள்ளும் திருவரங்கநாதன் தானே தந்தருளிய உடையவர் என்னும் திருநாமம் நம்மைச் சற்றே நின்று சிந்திக்கச் செய்கிறது.

உடையவர் என்றால் சொத்தை உடைய ஸ்வாமி. நித்யவிபூதி, லீலாவிபூதி ஆகிய இரண்டின் ஐச்வர்யமும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பர் பெரியோர். அவர் வாழ்நாள் முழுதும் உபதேசித்த ஸித்தாந்தத்தின் உயிர்நிலையோ, ஆத்மா எம்பெருமானுக்கே உடைமை, தனக்கென்று ஒன்றும் உடையதன்று என்பதாகும். தம்மை உடைமை என்று அறிந்த ஒருவரிடத்தில் உடையவர் என்னும் பதவி வந்து சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே அவர் எங்ஙனம் வாழ்ந்தார் என்பதை நோக்கினால், ஒரு திரளுக்குத் தலைவராய் இருப்பவருக்கு வேண்டிய குணங்கள் எவை என்பது தெளியும். அருளிச்செயல் வ்யாக்யானங்களை அநுபவித்துவரும் நாம், அந்த வ்யாக்யான பரம்பரைக்கே வித்திட்ட மஹானுடைய சரித்ரத்தை இந்த நோக்கோடு ஒருமுறை ஸேவிப்போம்.

கி.பி. 1017-க்குச் சரியான பிங்கள வருஷத்தில், சித்திரைத் திருவாதிரையில், ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராய் அவதரித்தார். இளம்பருவத்தில் காஞ்சிக்கு அருகே திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கையில், எம்பெருமானுடைய திருக்கண்களைப் பேசும் உபநிஷத் வாக்யத்துக்கு ஆசிரியர் தகாத ஓர் உவமையைப் பொருளாகச் சொல்ல, அதைக் கேட்கப் பொறாத இளையாழ்வாருடைய கண்ணீர் ஆசிரியரின் தொடையில் வெதுவெதுப்பாய் விழுந்தது. காரணம் வினவப்பட்ட பின்னரே அவர் நேரிய பொருளைச் சொன்னார். வாதத்தில் வெல்ல வேண்டும் என்னும் விருப்பம் அங்கில்லை. நாவில் மறுப்பு வருமுன்னே கண்ணில் நீர் வந்தது. பிற்காலத்தில் எத்தனையோ வாதங்களில் வெற்றி கண்டவருடைய முதல் மறுப்பு இப்படித்தான் பிறந்தது.

இதனால் மனம் திரிந்த ஆசிரியர், காசியாத்திரை என்னும் பெயரால் அழைத்துச் சென்று இளையாழ்வாருடைய உயிருக்கே உலைவைக்க நினைத்ததும், சிறிய தாயார் குமாரரான கோவிந்தர் குறிப்பால் உணர்த்தியதும், வேடனும் வேடுவிச்சியுமாய் வந்த திவ்யதம்பதிகள் காஞ்சிக்குக் கொண்டு சேர்த்ததும் யாவரும் அறிந்தவை. அவ்வரலாற்றின் முடிவு நம் விஷயத்துக்கு இன்றியமையாதது. ஆண்டுகள் கழிந்து, முதிய யாதவப்ரகாசர் தம் செயலுக்கு வருந்தி, அந்தச் சிஷ்யரிடமே வந்து பணிந்தார். உடையவர் பழையதைக் கணக்கில் வையாது அவருக்கு த்ரிதண்டம் அளித்து, கோவிந்த ஜீயர் என்று திருநாமமும் சாற்றினார். அவர் கற்ற கல்வி வீணாகாதபடி, யதிகளுக்குரிய தர்மங்களைத் திரட்டி நூலாக்கும் பணியையும் தந்தார். யதிதர்ம ஸமுச்சயம் என்னும் க்ரந்தம் அவ்வாறு நமக்குக் கிடைத்தது. பகைத்தவரை மன்னித்துவிடுவது ஒன்று. அவருக்கு மதிப்புள்ள ஒரு கைங்கர்யத்தைக் கொடுத்து அருகில் அமர்த்துவது அதனினும் அரியது.

காஞ்சியில் இருந்த நாட்களில் திருக்கச்சி நம்பியின் நியமனப்படி சாலைக்கிணற்றிலிருந்து பேரருளாளனுக்குத் தீர்த்தம் சுமந்து வந்தார். நம்பி வைச்ய குலத்தவர். பெருமாளுக்குத் திருவாலவட்டம் வீசி, அவனோடு வார்த்தையாடும் பேறு பெற்றவர். அவரையே ஆசார்யராய்க் கொள்ள விரும்பி, அவர் அமுது செய்த சேஷத்தை உண்ணவும் ஆசைப்பட்டார் இளையாழ்வார். பிறப்பைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தடையாகவில்லை. நம்பியோ தாம் ஆசார்யராக இசையாமல், பெருமாளிடம் கேட்டு ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்து, பெரிய நம்பியை ஆச்ரயிக்கும்படி வழிகாட்டினார்.

ஆளவந்தாருக்கும் இளையாழ்வாருக்கும் உள்ள ஸம்பந்தத்தை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சு உருகும். ஆளவந்தார் காஞ்சியில் தூரத்தே நின்று இவரைக் கடாக்ஷித்தாரேயன்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்பு பெரிய நம்பியை அனுப்பி இவரை அழைத்துவரச் செய்தும், இவர் திருவரங்கம் அடையுமுன் அவர் திருநாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். சரமத் திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருக்கக் கண்டு, வ்யாஸ பராசரர்களுடைய திருநாமம் விளங்கச் செய்வதும், ஸூத்ரங்களுக்கு பாஷ்யம் இடுவதும், நம்மாழ்வாரின் திருநாமமும் திருவாய்மொழியின் பொருளும் உலகில் பரவச் செய்வதும் தம் கடமை என்று இவர் ஏற்க, விரல்கள் நிமிர்ந்தன என்று குருபரம்பரை கூறும். ஒருநாளும் அருகிருந்து கேளாத ஆசார்யருடைய நிறைவேறாத மனோரதங்களைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார் அவர். பின்னாளில் அவர் செய்த பெருஞ்செயல்கள் அனைத்தும் அன்று ஏற்ற இந்தக் கடனை அடைப்பதற்கே.

மதுராந்தகத்தில் பெரிய நம்பியிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்றார். பின்னர் காஞ்சியில் ஸந்யாஸம் ஏற்றபோது முதலியாண்டானும் கூரத்தாழ்வானும் வந்து அடிபணிந்தனர். திருவரங்கத்தில் ஆளவந்தாரை இழந்து நின்ற முதலிகள், இவரே தங்களுக்குத் தலைவராக வேண்டும் என்று விரும்பினர். திருவரங்கப் பெருமாள் அரையர் காஞ்சிக்குச் சென்று தம் இன்னிசையால் பேரருளாளனை உகப்பித்து, இவரை வரமாகப் பெற்று வந்தார். அவ்வாறு திருவரங்கத்துக்கு எழுந்தருளியவரைத்தான் பெருமாள் உடையவர் என்று அழைத்தது.

பதவி வந்த பின்பு அவர் செய்த செயலை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கோயிலும் மடமும் சிஷ்யர் குழாமும் கைவசம் இருக்க, அவர் மாணாக்கராய்ப் புறப்பட்டார். ஆளவந்தார் தம் ஞானச் செல்வத்தைச் சிஷ்யர் பலரிடம் பிரித்து வைத்திருந்தார். அவர்களுள் பெரிய நம்பி, திருக்கோட்டியூர் நம்பி, திருமாலையாண்டான், திருவரங்கப் பெருமாள் அரையர், பெரிய திருமலை நம்பி ஆகிய ஐவரையும் ஆசார்யர்களாகக் கொண்டார். தலைவரானபின் ஐவர் முன்னிலையில் கைகட்டி நிற்க எத்தனை பேருக்கு மனம் இசையும்?

திருக்கோட்டியூருக்கு அவர் 18 முறை நடந்தார் என்பது ப்ரஸித்தம். இறுதியில் நம்பி, தண்டும் பவித்ரமுமாகத் தனியே வரும்படி சொல்லியனுப்ப, உடையவர் முதலியாண்டானையும் கூரத்தாழ்வானையும் உடன்கொண்டு சென்றார். ஆண்டானே தமக்கு த்ரிதண்டம், ஆழ்வானே பவித்ரம் என்று ஸமாதானம் சொன்னார். சிஷ்யர்களைத் தமக்குப் புறம்பாக எண்ணாத நெஞ்சுக்கே இந்த விடை தோன்றும். அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த ரஹஸ்யார்த்தத்தை, ஆசை உடையார் அனைவரும் கேட்கும்படி வெளியிட்டபோது, ஆசார்யருடைய ஆணையைக் கடந்த குற்றத்தை அவர் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதன் பயன் நரகம் என்பதை ஒப்புக்கொண்டு, தாம் ஒருவர் விழுந்தாலும் கேட்டவர் பலர் உய்வரே என்று விண்ணப்பித்தார். நன்மை பிறருக்கு, தண்டனை தமக்கு என்று அவர் பங்கிட்டார். இவ்வுள்ளத்தைக் கண்டு வியந்த நம்பி, எம்பெருமானார் என்று தழுவிக்கொண்டார்.

திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டபோது வேறொரு சோதனை நேர்ந்தது. இரண்டாம் பத்தில் மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தை, அறியாப் பருவத்தில் அடிமையில் அன்பை விளைவித்தபின் மீண்டும் உடலோடு சேர்த்துவைத்தானே என்று ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பொருள் கூறினார். அத்திருவாய்மொழி முழுதும் ஆழ்வாருடைய உகப்பைப் பேசுவதாகையால், இங்கும் உபகாரத்தை எண்ணி மகிழ்வதாகவே கொள்ளவேண்டும் என்று உடையவர் விண்ணப்பித்தார். ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள் இது என்று ஆண்டான் வருந்திக் காலக்ஷேபத்தை நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, இப்பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்று சொல்லி, இவர் ஆண்டானிடம் கேட்பது ஸாந்தீபனியிடம் கண்ணன் கற்றது போன்றது என்றும் உணர்த்தினார். காலக்ஷேபம் தொடர்ந்தது. உடையவர் முன்போலவே சிஷ்ய ஸ்தானத்தில் அமர்ந்து கேட்டார். தம் கருத்து சரி என்று நிலைநாட்டப்பட்ட பின்பும் பணிவு குறையாதிருப்பது எளிதன்று.

அரையரிடம் பெறவேண்டியதை அவர் பணிவிடையால் பெற்றார். ஆறு மாதம் அரையருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தும், மஞ்சள் காப்பு அரைத்தும் தொண்டு செய்தார். ஒருநாள் தாம் அரைத்த மஞ்சள் அரையருடைய திருவுள்ளத்துக்கு உகப்பாயில்லை என்பதை முகக்குறிப்பால் அறிந்து, மீண்டும் பதமாக அரைத்துச் சாற்றினார். திருவரங்கம் முழுவதையும் நிர்வகித்தவர் மஞ்சளின் பதத்தில் இத்தனை கவனம் வைத்தார்.

திருமலையில் கண்டது இதற்கு முத்தாய்ப்பாகும். ஸ்ரீராமாயண அர்த்தங்களைக் கேட்க உடையவர் எழுந்தருளியபோது, முதியவரான பெரிய திருமலை நம்பி தாமே மலையிலிருந்து இறங்கி எதிர்கொண்டார். சிறியவர் யாரையேனும் அனுப்பியிருக்கலாகாதோ என்று உடையவர் கேட்க, திருமலை முழுதும் தேடியும் தம்மினும் சிறியவர் எவரும் தமக்குக் கிடைக்கவில்லை என்றார் நம்பி. உடையவர் எத்தகைய ஆசார்யர்களிடம் கற்றார் என்பதற்கு இந்த ஒரு விடையே போதும். தலைமையில் பணிவு என்பதை அவர் ஏட்டில் படித்தறியவில்லை. இறங்கி வந்த பெரியோரை நேரில் கண்டு கற்றார்.

கற்றது நடைமுறைக்கு வரவேண்டிய இடம் திருவரங்கம் பெரிய கோயில். அங்கே நிர்வாகமும் திறவுகோலும் திருவரங்கத்தமுதனார் கையில் இருந்தன. அவர் முதலில் உடையவருடைய திருத்தங்களுக்கு இசையவில்லை. அவரை அகற்றிவிடாமல் திருத்தவேண்டும் என்று திருவுள்ளம் பற்றி, உடையவர் கூரத்தாழ்வானைக் கொண்டு பொறுமையாக நல்வழிப்படுத்தினார். காலம் கனிந்தது. அமுதனார் கோயிற் பொறுப்பை ஒப்படைத்து ஆழ்வானை ஆச்ரயித்தார். அவரே பின்னர் உடையவர் மீது 108 பாசுரங்கள் கொண்ட இராமாநுச நூற்றந்தாதியை அருளிச்செய்தார். ஒருகால் தடையாய் நின்றவருடைய வாக்கையே இன்று நாம் நாள்தோறும் அநுஸந்திக்கிறோம்.

பின்பு கோயிற் கைங்கர்யங்களை அவர் ஒழுங்குபடுத்திய விதத்தைக் கோயிலொழுகு விரித்துரைக்கும். ஐந்து கொத்தாயிருந்த கைங்கர்யபரர்களைப் பத்துக்கொத்தாக விரிவுபடுத்தி, இன்னார்க்கு இன்ன பணி என்று வரையறுத்தார். ஸ்ரீகார்யப் பொறுப்பை முதலியாண்டானிடம் தந்தார். தலைவர் அன்றன்று எழுந்து ஏவாமலே கைங்கர்யங்கள் குறைவற நடக்கவேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் கருத்து.

திருத்தம் வரும்போது பகையும் வரும். அவர் மாதுகரத்துக்கு எழுந்தருளும் ஒரு வீட்டில் அன்னத்தில் நஞ்சு கலக்கப்பட்டது. அதை இட்ட அம்மையார் கணவன் சொல்லுக்கு அஞ்சி இட்டாராயினும், கண்ணீரோடு திருவடியில் விழுந்து குறிப்பால் உணர்த்தினார். நஞ்சிட்டவரைத் தண்டிக்க உடையவர் முற்படவில்லை. உபவாஸத்தை மேற்கொண்டார். செய்தி கேட்டுத் திருக்கோட்டியூர் நம்பி வந்தபோது, காவிரியின் சுடுமணலில் விழுந்து ஸேவித்தார். நம்பி எழுந்திருக்கச் சொல்லாதிருக்க, அது பொறாத கிடாம்பி ஆச்சான் தம் உடல்மேல் உடையவரை ஏந்திக்கொண்டு, நம்பியிடமே சினந்து பேசினார். இப்படிப் பரிபவர் ஒருவரைத்தான் தேடினோம் என்று நம்பி உகந்து, அன்றுமுதல் உடையவருக்கு அமுது சமைக்கும் பணியை ஆச்சானுக்கே நியமித்தார். தம்மைக் காக்கும் காரியத்திலும் ஆசார்யருடைய தேர்வுக்கே உடையவர் கட்டுப்பட்டார்.

இனி, இந்தச் சரித்ரத்தின் நடுநாயகமான நிகழ்ச்சிக்கு வருவோம். போதாயன வ்ருத்தியைக் காண ஆழ்வானோடு காச்மீரம்வரை சென்று, அங்கே நூலைக் கைவசம் வைத்திருக்க இயலாமற்போக, ஆழ்வான் நெஞ்சில் பதித்துக்கொண்ட அளவைக் கொண்டே ஸ்ரீபாஷ்யம் தொடங்கியது. உடையவர் அருளிச்செய்ய ஆழ்வான் பட்டோலை கொண்டார். தொடங்கும்போதே ஒரு நியமம் வகுக்கப்பட்டது. தாம் சொல்வதில் ஆழ்வானுக்கு உடன்பாடு இல்லையாகில் எழுதுவதை நிறுத்திவிடலாம். தம் எழுத்தை நிறுத்தும் அதிகாரத்தைச் சிஷ்யருடைய கையில் முன்கூட்டியே கொடுத்துவைத்தார் ஆசார்யர்.

ஜீவாத்மாவின் ஸ்வரூபத்தைச் சொல்லும் இடம் வந்தது. அறிபவனாய் இருத்தலே ஆத்மாவின் ஸ்வரூபம் என்று உடையவர் அருளிச்செய்ய, ஆழ்வானுடைய எழுத்தாணி நின்றுவிட்டது. மீண்டும் சொல்லியும் அது நகரவில்லை. அப்படியாகில் பாஷ்யத்தை நீரே எழுதிக்கொள்ளும் என்று உடையவர் வெகுண்டு தள்ளினார் என்று பூர்வர்கள் கூறுவர். ஆழ்வான் வாய்திறவாமல் கிடந்தார். வினவியவர்களுக்கு, சொத்தை ஸ்வாமி எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், சொத்துக்கு அதில் என்ன வார்த்தை என்றார். தனித்திருந்து சிந்தித்த உடையவருக்குக் குறை விளங்கியது. எம்பெருமானுக்கு உடைமையாயிருத்தல் என்னும் சேஷத்வத்தைச் சொல்லாமல் அறிவை மட்டும் சொன்னால் ஆத்மஸ்வரூபம் நிறைவுறாது. உடனே ஆழ்வானை அழைத்து, க்ஷமிக்கும்படி வேண்டி, பொருளைத் திருத்தி மேலே தொடர்ந்தார்.

இந்நிகழ்ச்சியை நம் பூர்வர்கள் மறைக்காமல் போற்றி வைத்திருப்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உடையவருக்கும் கோபம் வந்ததுண்டு. உடைமை என்னும் நிலையைச் சொல்ல வேண்டிய இடத்திலேயே அது விடுபட்டது. அதை நினைவூட்டியவர் தம்மை உடைமை என்று எண்ணி மௌனமாய்க் கிடந்த சிஷ்யர். தலைவர் பிழையாதவராய் இருக்கவேண்டும் என்று இவ்வரலாறு கேட்கவில்லை. அவர் பிழைக்கும்போது தடுப்பவர் ஒருவர் அருகில் இருக்கவும், அவர் தடுத்ததைப் பின்னராவது ஏற்கும் உள்ளம் தலைவருக்கு இருக்கவும் வேண்டும். இவ்விரண்டும் இருந்தமையால் ஸ்ரீபாஷ்யம் குறையற நமக்குக் கிடைத்தது.

உடைமை என்னும் இவ்வுணர்வு அவருடைய கோஷ்டியிலும் பரவியிருந்தது. உறையூரில் மல்லராய் இருந்த பிள்ளை உறங்காவில்லி தாஸர், மனைவி பொன்னாச்சியாரின் கண்ணழகுக்குத் தோற்றுக் குடைபிடித்துச் சென்றவர். நம்பெருமாளின் திருக்கண்களைக் காட்டி அவரை ஆட்கொண்டார் உடையவர். நீராடச் செல்கையில் அந்தண சிஷ்யருடைய கையையும், நீராடி மீள்கையில் தாஸருடைய கையையும் பற்றி எழுந்தருளினார். இது சிலருக்குப் பொறுக்கவில்லை. உடையவர் அவர்களை வாதத்தால் அடக்காமல் நேரில் காணச் செய்தார். உலர்த்தியிருந்த அவர்களுடைய வஸ்த்ரங்களை இரவில் சிறிதளவு கிழித்துவைக்க, காலையில் அவர்களுக்குள் பெரும் பூசல் விளைந்தது. பின்பு அவர்களையே தாஸருடைய இல்லத்துக்கு அனுப்பி, உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றி வரச் சொன்னார். அம்மையார் விழித்திருந்தும், வந்தவர்கள் மறுபுறத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று புரண்டு படுக்க, வந்தவர்கள் அஞ்சி ஓடினர். இதை அறிந்த தாஸர், நகைகளைத் தம்முடையவை என்று எண்ணி வழங்க முற்பட்டதே குற்றம் என்று மனைவியிடம் வருந்தினார். இதைக் கேட்டு வந்து சொன்னவர்களுக்கு, யார் கையைப் பற்றுவது தகும் என்பதைத் தனியே உபதேசிக்க வேண்டியிருக்கவில்லை.

பெரிய நம்பியின் திருமகளார் அத்துழாய், நீராடத் துணை வேண்டி மாமியாரிடம் கேட்டு, சீதனமாக ஒரு வேலையாளைக் கொண்டுவந்திருக்கலாகாதோ என்று ஏச்சுப் பெற்றார். செய்தி உடையவரிடம் வந்தது. அவர் அனுப்பியது முதலியாண்டானை. சாஸ்த்ரங்களில் வல்லவரும், கோயில் ஸ்ரீகார்யம் பார்த்தவரும், தம் த்ரிதண்டமாக மதிக்கப்பட்டவருமான ஆண்டான் அவ்வீட்டில் அடுக்களைப் பணி செய்தார். ஒரு பெண்ணின் மனக்குறை தீர்க்கத் தம் வலக்கையையே அனுப்பிய தலைவரையும், முகம் கோணாமல் சென்ற சிஷ்யரையும் ஒருசேரக் காண்கிறோம்.

பின்பு வந்தது பேராபத்து. சோழ அரசனுடைய ஆட்கள் உடையவரைத் தேடி வந்தபோது அவர் நீராடச் சென்றிருந்தார். அதற்குள் ஆழ்வான் காஷாயமும் த்ரிதண்டமும் தரித்து, உடையவராகத் தம்மைக் காட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். செய்தி அறிந்த உடையவர் பின்தொடர விரும்பினாலும், தர்சனத்தைக் காக்கவேண்டும் என்ற முதலிகளின் வேண்டுகோளுக்கு இசைந்து, வெள்ளை வஸ்த்ரம் தரித்து மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அரசவையில் ஆழ்வான் திருக்கண்களை இழந்தார். பெரிய நம்பி திருவரங்கம் மீளுமுன் வழியிலேயே திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தம் பொருட்டு ஆசார்யர் உயிரையும் சிஷ்யர் கண்களையும் இழந்தனர் என்னும் செய்தி எட்டியபோது உடையவர் பட்ட துயரம் சொல்லில் அடங்காது. தலைவருக்கு வரும் சோதனைகளுள் இதுவே மிகக் கொடியது. தாம் துன்புறுவதைத் தாங்கலாம். தமக்காகப் பிறர் துன்புற்றதைத் தாங்கிக்கொண்டு மேலும் உழைப்பது எத்தனை கடினம்! அவர் சோர்ந்து அமரவில்லை. குருபரம்பரை சொல்லும் அந்தப் 12 ஆண்டுகளில் தொண்டனூரில் பிட்டிதேவனைத் திருத்தி விஷ்ணுவர்த்தனன் ஆக்கினார். திருநாராயணபுரத்தில் எம்பெருமானை மீண்டும் ப்ரதிஷ்டை செய்து, செல்வப்பிள்ளையை எழுந்தருளப்பண்ணினார். அதற்குத் துணைநின்ற எளிய குலத்தாரைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுக் கோயிலுக்குள் ஸேவிக்கும் உரிமையும் தந்தார். தமக்காகக் கொடுக்கப்பட்ட விலை வீண்போகலாகாது என்ற உறுதி இப்பணிகளில் எல்லாம் தெரிகிறது.

திருவரங்கம் மீண்டபின், வரதனிடம் கண்களை வேண்டும்படி ஆழ்வானை நியமித்தார். ஆழ்வானோ தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேறு கிடைக்க வேண்டும் என்று வேண்டிவந்தார். பின்னொருநாள் நம்பெருமாள் ஆழ்வானுக்கு மோக்ஷத்தை அருளி, ஆழ்வானுடைய ஸம்பந்தம் பெற்றவர்களுக்கும் அதை அளித்ததாக அறிந்தபோது, உடையவர் தம் மேல்வஸ்த்ரத்தை ஆகாயத்தில் எறிந்து ஆடினார். ஆழ்வானோடு ஸம்பந்தம் உள்ளமையால் தமக்கும் அப்பேறு உண்டு என்பதே அவ்வுகப்புக்குக் காரணம். எத்தனையோ பேர் தம் ஸம்பந்தத்தால் உய்வோம் என்று நம்பியிருக்க, தாம் தம் சிஷ்யருடைய ஸம்பந்தத்தால் உய்வதாக எண்ணி மகிழ்ந்தார் உடையவர். உடையவர் என்னும் திருநாமம் உடைமை என்னும் நிலையில் முற்றும் கரைந்த இடம் இதுவே.

ஆளவந்தாரிடம் ஏற்ற கடன்களை அவர் தீர்த்த விதமும் இவ்வாறே. ஸ்ரீபாஷ்யத்தைத் தாமே அருளிச்செய்தார். ஆழ்வானுடைய குமாரர்களுக்குப் பராசரர், வேதவ்யாஸர் என்று திருநாமம் சாற்றினார். திருவாய்மொழிக்கு வ்யாக்யானம் இடும் பணியைத் தாம் வைத்துக்கொள்ளாமல், பெரிய திருமலை நம்பியின் குமாரரான திருக்குருகைப்பிரான் பிள்ளானுக்குத் தந்தார். தாமே எழுதினால் அருளிச்செயலுக்கு அதுவே எல்லை என்று பின்புள்ளார் கைகட்டி நிற்பர் என்பது அவர் திருவுள்ளம். பிள்ளானுடைய ஆறாயிரப்படிக்குப் பின் ஒன்பதினாயிரமும், இருபத்துநாலாயிரமும், ஈடு முப்பத்தாறாயிரமும், பன்னீராயிரமும் தோன்றின. அவர் எழுதாமல் விட்ட இடத்தில் ஒரு வ்யாக்யானப் பெருங்கடல் பெருகிற்று. இன்று நாம் படியாய்ப் படியாய் இறங்கி அநுபவிப்பதெல்லாம், ஒரு தலைவர் பிறருக்கென்று ஒதுக்கிவைத்த இடத்தில் விளைந்தவை.

74 ஸிம்ஹாஸனாதிபதிகளை நியமித்துப் பொறுப்பைப் பகிர்ந்தார். இளைஞரான பராசர பட்டரைத் தமக்குப் பின் தர்சனத்தை நடத்தும்படி ஏற்படுத்தி, எம்பாரைக் காவலாக வைத்தார். 1137-இல், மாசி மாதத்து சுக்லபக்ஷ தசமியன்று, 120 திருநக்ஷத்ரங்கள் நிறைந்தபின், முதலிகள் அனைவரிடமும் க்ஷமாபணம் வேண்டி, ஒருவரோடொருவர் இசைந்து வாழும்படி நியமித்து, எம்பார் மடியில் திருமுடியும் வடுகநம்பி மடியில் திருவடிகளுமாய்த் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அத்தனை பேரை உய்வித்தவருடைய கடைசிச் செயல்களுள் ஒன்று மன்னிப்பு வேண்டியது.

இன்று பல தேசங்களில் அடியார்கள் கோஷ்டிகளையும் ஸபைகளையும் பாடசாலைகளையும் நடத்திவருகிறார்கள். சிறிதோ பெரிதோ, நம்மில் பலருக்கு ஏதோ ஒரு திரளை நடத்தும் பொறுப்பு வாய்க்கிறது. அப்போது உடையவருடைய சரித்ரத்தைக் கொண்டு நம்மை நாமே சில கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். பொறுப்பு வந்தபின்பும் நாம் யாரிடமேனும் கற்கிறோமா? நம் எழுத்தாணியை நிறுத்தவல்ல ஆழ்வான் ஒருவர் நம் அருகில் இருக்கிறாரா? அவர் நிறுத்தினால் நாம் திரும்பி வருகிறோமா? நமக்குப் பின்வருவோர் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறோமா? இக்கேள்விகளுக்கு நம் விடை குறைபட்டதாயினும் தளர வேண்டுவதில்லை. நாம் நடத்தும் கோஷ்டி நம்முடையது அன்று, அவனுடைய சொத்து என்னும் நினைவு ஒன்று நிலைத்தால், மற்றைக் குணங்கள் அதன்பின்னே தாமே வந்து சேரும். அந்நினைவு நம் நெஞ்சில் நிலைக்கும்படி உடையவர் திருவடிகளையே பற்றி நிற்போம்.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.